வாத்துக்குத் தெரிந்த வெதுவெதுப்பு

அம்மாவுக்குக் கண் மங்கத் தொடங்கி நான்கு வருஷம் ஆகிறது. க்ளாக்கோமா. நேரே இருப்பது ஓரளவு தெரிகிறது, ஓரங்கள் போய்விட்டன, மெல்லிய கோடுகள் சுத்தமாகத் தெரியாது. இதே நான்கு வருஷமாகத்தான் நான் சீனத்துப் பழைய நிலக்காட்சி ஓவியங்களுக்குள் விழுந்து கிடக்கிறேன். அருங்காட்சியகங்கள் பெரிய அளவுப் படங்களைத் தங்கள் தளங்களில் வைத்திருக்கின்றன. பெருக்கிப் பார்த்தால் பட்டின் இழைகூடத் தெரியும். ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் அன்றைக்குப் பார்த்த படத்தை அம்மாவுக்கு வாயால் சொல்வேன்.

ஒருநாள் சோங் காலத்து விசிறி ஓவியம் ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தேன். சேற்றுக்கரை, கொஞ்சம் நாணல், நீரில் இரண்டு வாத்து, மற்றபடி வெற்றிடம். எல்லாம் கேட்டுவிட்டு அம்மா, "அந்தத் தண்ணி சில்லுன்னு இருக்குமா, வெதுவெதுன்னு இருக்குமா?" என்றாள்.

"படத்தப் பாத்தா அதெல்லாம் எப்படிம்மா தெரியும்?"

"நீ சொல்றப்ப சில்லுன்னு இருந்துச்சு. அதான் கேட்டேன்."

படுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. இதே கேள்விக்கு 1085-ல் ஒருவர் பதில் எழுதியிருக்கிறார்.

அவர் சூ ஷி. சோங் காலக் கவிஞர்களில் மிகப் பெரியவர், ஓவியர்களின் தோழர். அவர் முன்னால் இருந்தது ஹுய்சோங் என்ற பௌத்தத் துறவி வரைந்த ஆற்றுக் காட்சி. ஹுய்சோங் 1017-ல் காலமானவர். சூ ஷி பிறந்ததே 1037-ல்தான். நேரில் பார்த்தே இராத ஒரு துறவியின் படத்துக்கு அவர் எழுதிய நான்கு வரி இது:

மூங்கிலுக்கு அப்பால் பீச் பூத்த கிளை இரண்டோ மூன்றோ;
வசந்த ஆற்றின் வெதுவெதுப்பை வாத்தே முதலில் அறியும்.
கரையெல்லாம் கீரை, நாணற்குருத்து இன்னும் குட்டை;
பேத்தை மீன் ஆறேறி வரும் காலம் இதுதான்.

தமிழாக்கம் என்னுடையது, குறைகளும் என்னுடையவை. இரண்டாவது வரியோடு மட்டும் ஒரு வாரம் கிடந்தேன். மூலத்தில் அது ஏழே எழுத்து: வசந்தம், ஆறு, நீர், வெதுவெதுப்பு, வாத்து, முதல், அறி. காலம் கிடையாது, ஒரு வாத்தா பல வாத்தா என்பதும் கிடையாது. தமிழ் வினைச்சொல்லோ இதையெல்லாம் கேட்காமல் விடாது. "அறிந்தது" என்றால் என்றோ ஒருநாள் ஒரு வாத்துக்கு நடந்த சம்பவம். "அறிகின்றன" என்றால் கூட்டமாக, இந்த நிமிஷம். கடைசியில் நம் பழைய "செய்யும்" முற்றுதான் கைகொடுத்தது. "அறியும்" என்பது ஒன்றுக்கும் பலவற்றுக்கும் பொருந்தும். போன வசந்தத்திலும் அறியும், வரும் வசந்தத்திலும் அறியும். அந்த ஓவியத்து வாத்து இருக்கும் காலம் அதுவாகத்தான் இருக்க முடியும்.

இப்போது அந்த நான்கு வரிகளில் கண்ணால் காணக்கூடியது எது என்று பாருங்கள். மூங்கில், பூ, வாத்து, கீரை, குருத்து எல்லாம் படத்தில் இருந்திருக்கும். நீரின் வெதுவெதுப்பை எந்த மையாலும் தீட்ட முடியாது. பேத்தை மீனோ படத்திலேயே இருந்திருக்காது. கடலிலிருந்து யாங்ட்சி ஆற்றுக்குள் முட்டையிட ஏறிவரும் மீன் அது. நஞ்சுள்ளது, ஆனாலும் ஆற்றோரத்து மக்கள் அதற்காக உயிரை விடவும் தயார். மாசிப்பத்திரி இனத்தைச் சேர்ந்த அந்தக் கீரையையும் நாணற்குருத்தையும் போட்டுத்தான் அதைச் சமைப்பார்கள் என்று சூ ஷியின் சீடர் ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். ஆக, கரையில் முளைத்திருக்கும் இரண்டு செடியைப் பார்த்த கவிஞருக்கு வராத மீன் நினைவுக்கு வருகிறது. கூடவே நாக்கும் விழித்துக்கொள்கிறது. ஒரு துறவி வரைந்த படத்தைப் பார்த்து மீன் குழம்பை நினைக்கும் சூ ஷியை எனக்கு மிகவும் பிடிக்கிறது. அவர் சாப்பாட்டில் ஆழ்ந்த ஈடுபாடு உள்ளவர்.

பிற்காலத்தில், சிங் ஆட்சியில், மாவ் சீலிங் என்ற அறிஞர் இந்த வரியோடு சண்டைக்குப் போனார். வாத்து மட்டும்தான் அறியுமா, பெருவாத்து அறியாதா என்று கேட்டார். பதில் எளியது: சூ ஷி பார்த்த படத்தில் நீரில் இருந்தது வாத்து. அவர் பொதுவான வசந்தத்தைப் பாடவில்லை. ஒரு குறிப்பிட்ட தாளுக்கு முன்னால் நின்று பாடுகிறார். அந்தத் தாள் இன்று இல்லை. கவிதை இருப்பதால்தான் அப்படி ஒரு படம் இருந்ததே நமக்குத் தெரியும்.

ஹுய்சோங் வெறும் ஓவியர் என்று நினைத்துவிடக் கூடாது. சோங் ஆட்சியின் தொடக்கத்தில் "ஒன்பது துறவிகள்" என்று பெயர்பெற்ற கவிஞர் குழு இருந்தது. ஒன்பதில் ஒருவர் இவர். சோங் காலத்து எழுத்தாளர் ஓயாங் ஷியூ தன் கவிதைக் குறிப்புகளில் இவர்களைப் பற்றி ஒரு கதை சொல்கிறார். ஷூ தோங் என்ற கெட்டிக்காரர் ஒருநாள் துறவிக் கவிஞர்களைக் கூட்டினார். ஆளுக்கு ஒரு தலைப்பு கொடுத்தார். ஒரு தாளையும் நீட்டி, இதில் இருக்கும் எழுத்துகளில் ஒன்றுகூடக் கவிதையில் வரக் கூடாது என்றார். தாளில் இருந்தவை: மலை, நீர், காற்று, மேகம், மூங்கில், கல், பூ, புல், வெண்பனி, உறைபனி, விண்மீன், நிலா, பறவைகள். துறவிகள் எல்லோரும் தூரிகையைக் கீழே வைத்துவிட்டார்கள்.

இவர்களுக்கு இயற்கையை விட்டால் வேறு சரக்கு இல்லை என்று காட்ட இந்தக் கதையைச் சொல்வார்கள். நான் முதல் தடவை படித்தபோது எனக்கும் அப்படித்தான் பட்டது. இப்போது அந்தப் பட்டியலைப் படித்தால், ஒரு நிலக்காட்சி ஓவியரிடமிருந்து பறித்துக்கொண்ட பொருள்களின் பட்டியலாகத்தான் தெரிகிறது. மலையும் நீரும் இல்லாமல் எந்த ஓவியர் வரைவார்? சீனத்தில் நிலக்காட்சி ஓவியத்துக்குப் பெயரே "மலை-நீர்". அவர்கள் எழுதியதும் வரைந்ததும் ஒரே தொழில்.

இதே ஹுய்சோங் தன் வரிகளில் மிகவும் பெருமைப்பட்டது இதைப் பற்றியாம்: "ஆறு பிரிக்க, மேட்டின் வேகம் அறுகிறது, தீப்பட்ட தழும்புக்குள் வசந்தம் நுழையப் பச்சை." இரண்டு வரியும் முன்னோர் இருவரிடமிருந்து எடுத்தவை என்று அந்தக் காலத்திலேயே அவரைக் கேலிசெய்து பாட்டுக் கட்டினார்கள். அண்ணன் பழையவர்களைத் திருடவில்லை, பழையவர்கள்தான் அண்ணனைத் திருடிவிட்டார்கள் என்று. இருக்கட்டும். எரிந்த கரும்புல் திட்டில் பச்சை எழும்புவதைத் "தழும்புக்குள் வசந்தம் நுழைகிறது" என்று பார்ப்பவருடைய கண், ஈரத்தாளில் மை எப்படிப் பரவும் என்று தினமும் பார்த்த கண். நான் ஹுய்சோங் பக்கம்.

அப்புறம் இன்னொரு துறவி. பெயர் குழப்பும், ஆள் வேறு: ஹுய்ஹோங். 1071-ல் பிறந்து 1128-ல் மறைந்தவர். சிறைக்கும் போனார், ஹைனான் தீவுக்கு நாடுகடத்தப்பட்டும் இருந்தார். இவர் விட்டுச்சென்ற ஒரு சின்ன முன்னுரை எனக்கு இந்த விஷயம் முழுவதற்கும் சாவி.

அதற்கு முன் சோங் தி என்ற அதிகாரியைச் சொல்ல வேண்டும். 11-ஆம் நூற்றாண்டில் அவர் எட்டு நிலக்காட்சிகள் வரைந்தார். ஷியாவ், ஷியாங் என்ற இரண்டு ஆறுகள் கூடி தோங்திங் ஏரிக்குப் போகும் ஹுனான் பகுதியின் பெயரால் அவை வழங்குகின்றன. அரசவையிலிருந்து துரத்தப்பட்டவர்கள் காலம்காலமாக வந்துசேர்ந்த ஈரமான, மூடுபனி பிடித்த தெற்கு அது. எட்டின் பெயர்களையும் அதே காலத்து அறிஞர் ஷென் குவோ குறித்துவைத்திருக்கிறார்: மணல்திட்டில் இறங்கும் காட்டுவாத்துகள், தொலைகரையிலிருந்து திரும்பும் பாய்கள், மலைச்சந்தையில் தெளியும் மூடுபனி, ஆற்றிலும் வானிலும் அந்தி வெண்பனி, தோங்திங்கில் இலையுதிர்கால நிலா, ஷியாவ்-ஷியாங்கில் இரவு மழை, மூடுபனி மடத்தின் மாலை மணி, மீனவக் குப்பத்தில் சாயும் வெயில். ஒவ்வொன்றும் மூலத்தில் நாலே எழுத்து.

ஹுய்ஹோங் எழுதுகிறார்: சோங் தியின் எட்டும் அற்புதமானவை, அவற்றை ஓசையில்லாத கவிதை வரிகள் என்று மக்கள் சொன்னார்கள். யான் என்ற துறவி என்னைச் சீண்டிப்பார்க்க, "உம்மால் ஓசையுள்ள ஓவியம் தர முடியுமா?" என்று கேட்டார். ஆகவே ஒவ்வொன்றுக்கும் ஒரு பாட்டு எழுதினேன்.

இந்த விஷயத்தைப் பற்றிப் பேசும் எல்லோரும், தாங் காலத்துக் கவிஞரும் ஓவியருமான வாங் வெய்யின் கவிதைக்குள் ஓவியம் இருக்கிறது, ஓவியத்துக்குள் கவிதை இருக்கிறது என்று சூ ஷி சொன்னதையே மேற்கோள் காட்டுவார்கள். அழகான வாக்கியம்தான். ஆனால் அது இரண்டையும் கலந்து ஒன்றாக்கிவிடுகிறது. எனக்கு யான் துறவியின் சீண்டல்தான் மேல். படத்துக்கு எது முடியாது, பாட்டுக்கு எது முடியாது என்று தெரிந்தவர்தான் அப்படிக் கேட்க முடியும்.

அந்த எட்டுத் தலைப்புகளையும் மறுபடி பாருங்கள். இரவு மழையை எப்படி வரைவது? இருட்டில் மழை காதுக்குத்தானே தெரியும்! மடத்து மணியை எப்படி வரைவது? மணியை வரையலாம், தலைப்பு கேட்பது மாலை மணியின் ஓசையை. அதுவும் மூடுபனிக்குள் மறைந்த மடத்திலிருந்து வருவது. கண்ணுக்கு எட்டாததையே தலைப்பாக வைத்துக்கொண்டு ஓவியர்கள் நூற்றாண்டுக் கணக்கில் இந்த எட்டையும் திரும்பத் திரும்ப வரைந்தார்கள்.

அவர்களில் இரண்டு பேர் 13-ஆம் நூற்றாண்டின் துறவிகள். யூஜியன், ஹாங்ஜோவின் மேல் தியன்ஜூ மடத்தைச் சேர்ந்தவர். அவருடைய மலைச்சந்தை ஓவியம் இப்போது டோக்கியோவில் இதெமித்சு அருங்காட்சியகத்தின் வசம் இருக்கிறது. ஈரமான மையை வீசிவிட்டு, அது என்னவாகிறது என்று பார்த்து, இரண்டு கூரையும் ஒரு பாதையும் சேர்த்ததுபோல இருக்கும். பக்கத்திலேயே அவர் கையால் அவர் கவிதை: மழை மேகத்தின் காலை இழுத்துக்கொண்டு சாங்ஷாமேல் ஒதுங்குகிறது, எஞ்சிய வானவில் அந்திச் சிவப்பைக் கட்டியிருக்கிறது, சந்தைப் பாலத்து வில்லோ மரங்களுக்கு அப்பால் மதுக்கடைக் கொடி ஆட, வழிப்போக்கனுக்கு வீட்டு நினைப்பு. படம் மையை வீசிய வேகத்தில் இருக்கிறது. கவிதை நிறுத்தி நிதானமாகக் கொடியாட்டத்தைப் பார்க்கிறது. அந்த வீட்டு நினைப்பை எந்தத் தூரிகையால் தீட்டுவது?

இன்னொருவர் மூச்சி. அவரிடம் கடைசியில் வருகிறேன். அதற்கு முன் நானூறு வருஷம் தாண்டி ஒரு இடத்தைத் தொட்டுவிட வேண்டும்.

1644-ல் மிங் ஆட்சி விழுந்தது. மறுவருஷமே, சிங் ஆட்சியை நிறுவிய மஞ்சுக்களின் ஆணை வந்தது: ஆண்கள் எல்லோரும் முன்மண்டையை மழித்துப் பின்னல் விட வேண்டும். தலையை முழுக்க மழித்துத் துறவியானவருக்குப் பின்னல் தேவையில்லை. படித்தவர்களில் பலர் மடத்துக்குள் போனார்கள். சிலர் நம்பிக்கையால், சிலர் துக்கத்தால், சிலர் உயிருக்குப் பயந்து. அந்தத் தலைமுறை துறவி ஓவியர்களில் நால்வர் பெரியவர்கள்: ஹோங்ரென், குன்ட்ஸான், பாதா ஷான்ரென், தன்னைப் பாகற்காய்த் துறவி என்று அழைத்துக்கொண்ட ஷிதாவ்.

ஹோங்ரென் 1647-ல் வூயி மலையில் துறவு பூண்டார். பிறகு சொந்த ஊர்ப் பக்கம் திரும்பி மஞ்சள் மலையை வரைந்தார். எலும்பு மட்டும் மிஞ்சிய மலைகள். ஓவியங்களில் அவர் எழுதிய கவிதைகளைத் தொகுத்து வைத்த பெயர் "ஓவிய காதாக்கள்" என்று பொருள்படும். சமஸ்கிருத "காதா" சீனத்துக்குப் போய் ஓரெழுத்தாகச் சுருங்கி நிற்கிறது. மணிமேகலையின் "காதை"யையும் இதே சொல்லோடு சேர்த்துப் பார்ப்பவர்கள் உண்டு. அந்தத் தொகுப்பின் பெயரை முதலில் பார்த்தபோது எனக்கு ஊர்க்காரர் ஒருவரைப் பார்த்ததுபோல இருந்தது. அவருடைய பாட்டு ஒன்று: விலகி நிற்கும் மரங்கள், குளிர்ந்த குன்று, வெளிறிய தொலைவு; இது காலத்தோடு ஒட்டாது என்று நன்றாகத் தெரியும்; கிறுக்குப் பெரியவரின் தூரிகையும் மையும் என் வீட்டுச் சொத்து, வருஷாவருஷம் ஊதுவத்தி ஏற்றி அவரை ஆசானாக வணங்குகிறேன். கிறுக்குப் பெரியவர் என்பது முந்தைய யுவான் காலத்து ஓவியர் நீ ஸான். படத்தில் வெறும் குன்றும் மரமும்தான். "காலத்தோடு ஒட்டாது என்று தெரியும்" என்பதைச் சொல்ல ஒரு வரி தேவைப்பட்டது.

பாதா ஷான்ரென் மிங் அரச குடும்பத்தில் 1626-ல் பிறந்தவர். வீடும் நாடும் போன பிறகு துறவியானார். முப்பது வருஷம் கழித்துப் புத்தி பேதலித்துத் தன் துவராடையைக் கிழித்து எரித்தார் என்கிறார்கள். அவருடைய ஒரு கவிதை பழைய ஓவியர்களின் கோடுகளைப் பற்றிப் பேசிக்கொண்டே போய் இப்படி முடியும்: "யீஃபெங் அப்போதும் சோங்கின் மலை-ஆறுகளையே வரைந்தார்." யீஃபெங் என்பது யுவான் காலத்து ஓவியர் ஹுவாங் கோங்வாங். அவருக்குப் பத்து வயதானபோது, 1279-ல், சோங் ஆட்சி முடிந்துபோனது. மிச்ச வாழ்க்கை முழுக்க மங்கோலியரின் யுவான் ஆட்சியில்தான். "மலை-நீர்" என்றால் நிலக்காட்சி என்றேன். "மலை-ஆறு" என்றால் நாடு. ஒரே ஒரு எழுத்து மாறுகிறது. தீட்டிய மலை தான் யாருடைய ஆட்சிக்கு உட்பட்டது என்று சொல்லாது. மலைக்கு அரசன் மாறியது தெரியாது. அதைச் சொல்ல வேண்டியவர் பக்கத்தில் எழுதினார். அதையும் தன்னைப் பற்றிச் சொல்லாமல், முந்நூறு வருஷத்துக்கு முந்தைய ஒருவரைப் பற்றிச் சொல்வதுபோல எழுதினார். முதலில் நீரின் சூடு, பிறகு மணியின் ஓசை, இப்போது நாட்டின் பெயர். ஒவ்வொரு முறையும் கவிதை வருவது கண் நின்றுவிடும் இடத்தில்தான்.

சரி, மூச்சி.

சிச்சுவானில் பிறந்து ஹாங்ஜோவின் மேற்கு ஏரிக்கரை மடத்தில் வாழ்ந்தவர். அவரைச் சீன விமர்சகர்களுக்குப் பிடிக்கவில்லை. 1298-ல் ஜுவாங் சூ எழுதினார்: இவை உயர்ந்த ரசனைக்கு உரியவை அல்ல, துறவிகளின் அறையில் அமைதியைக் கூட்டத்தான் உதவும். இகழ்ச்சியாகச் சொன்னது. எனக்கு அது அந்தப் படங்களுக்கான சரியான முகவரியாகப் படுகிறது. ஜப்பானியத் துறவிகள் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். மூச்சியின் படங்களில் பெரும்பங்கு கடல் கடந்து அங்கே போய்விட்டது. எட்டுக் காட்சிகளை அவர் நீண்ட சுருளாக வரைந்திருந்தார். ஜப்பானை ஆண்ட ஷோகன் (படைத்தலைவர்) அஷிகாகா யோஷிமித்சு, சுவரில் தொங்கவிட வசதியாக, அதைத் துண்டுகளாக வெட்டவைத்தார். துண்டுகளில் அவர் முத்திரை இருக்கிறது. வெட்டியதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது. அவர் எடுத்துவைத்திராவிட்டால் எதுவுமே மிஞ்சியிருக்காதோ என்ற எண்ணமும் கூடவே வருகிறது. இன்று அவை தனித்தனி அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. மாலை மணித் துண்டு டோக்கியோவின் ஹதகேயாமா அருங்காட்சியகத்தில், ஜப்பானின் தேசியப் பொக்கிஷமாக.

அசலை நான் பார்த்ததில்லை. நல்ல அச்சுப் பிரதி ஒன்று கிடைத்தது. கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளம், அதில் மூன்றில் ஒரு பங்கு உயரம். யூஜியன்போல இதில் கவிதை எதுவும் எழுதப்படவில்லை. போன மாதம் ஒரு ராத்திரி அம்மாவுக்கு அதைச் சொன்னேன்.

"முக்கால்வாசி ஒண்ணுமே இல்லம்மா. பனிமூட்டம். இடது பக்கம் மரங்க கலங்கலா தெரியுது, அதுக்குள்ள ஒரு கூரை நுனி. பனிக்கு நடுவுல ஒரு வெளிச்சக் கீத்து. அவ்வளவுதான்."

"மணி?"

"மணி தெரியல. மடம் உள்ள இருக்கு." அங்கத்திய மணிக்கு நாக்கு கிடையாது, வெளியே தொங்கும் மரக்கட்டையை ஆட்டி இடிப்பார்கள், ஓசை தாழ்ந்து வெகுநேரம் நிற்கும் என்றும் சொன்னேன்.

கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மணி அடிச்சாச்சா, இல்ல இனிமேதான் அடிக்கணுமா?" என்று கேட்டாள்.

பிரதியை விளக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தேன். வெளிச்சக் கீற்று அங்கேயே இருந்தது. எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அதனால் ஹுய்ஹோங் அதே தலைப்புக்கு எழுதியதை எடுத்துப் படித்தேன்:

பத்து ஆண்டு வண்டியும் குதிரையும் மஞ்சள் புழுதிப் பாதையும்;
ஆண்டு முடிகையில் வழிப்போக்கன் மனம் ஆயிரம் சிக்கல்.
திடுக்கென விழிக்கிறேன், ஒற்றை ஓசை, எங்கே அந்த மணி?
பனிமூடிய ஊரின் ஆழத்தில் ஆழத்தில் இருக்கிறது மடம்.
ஓடைக்கு அப்பால் நெடுமூங்கில் இடையே வீடுகள் தெரியும்;
தோணியைக் கூப்பிடலாம் என்றால் கடத்திவிட ஆளில்லை.
மெலிந்த கொடித்தடி ஊன்றி, மேல்காற்றுக்கு முதுகு காட்டி,
திரும்பி வந்த துறவி பனிக்கும் கொடிக்கும் உள்ளே போகிறார்.

அம்மா கடைசி வரியை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

"படத்துல அவரு இருக்காரா?"

மறுபடி பார்த்தேன். ஆள் யாரும் என் கண்ணுக்குத் தெரியவில்லை.

"அப்ப மணி அடிச்சாச்சு," என்றாள் அம்மா. "அவரு உள்ள போயிட்டாருல்ல."